கிரகப்பிரவேசத்துக்குப் புல் வளர்த்த கதை

புல் தானாக வளரும் என்று உலகத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கிளப்பிவிட்டவர் யாரென்று தெரிந்தால் நேராக எங்கள் வீட்டுக்கு வரச் சொல்வேன். தானாக வளர்வது எங்கே தெரியுமா? வேண்டாத இடத்தில். மொட்டை மாடி வெடிப்பில், கிணற்று ஓரத்தில், நெல்லுக்கு நடுவில், செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றி. ‘இங்கே வளர் தாயே’ என்று மண்ணைச் சலித்து, எரு போட்டு, தண்ணீர் தெளித்து, கையெடுத்துக் கும்பிட்டுப் பாருங்கள், திரும்பிக்கூடப் பார்க்காது. மனம் இரங்கி வளர்ந்துவிட்டால் அதைவிட ஆபத்து. நான் பட்டவள், அதனால் சொல்கிறேன். (இந்த இடத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.)

ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். அங்கே வாசலில் ஒரு புல்தரை இருக்கிறது. வருகிறவர்கள் அதில் மல்லாந்து படுத்து மலையைப் பார்ப்பார்கள். குப்புறப் படுத்துப் புத்தகம் படிப்பார்கள். ஒருவர் தினமும் காலையில் தலைகீழாக நிற்பார். யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வேலை செய்கிற நாங்கள் மட்டும் ஓரத்தில் பதித்த சிமெண்ட் கல் மேல் நடக்க வேண்டும். சேர்ந்த புதிதில், சாவியை மறந்துவிட்டுப் போன ஒரு அம்மாவைப் பிடிக்க அவசரத்தில் குறுக்கே ஓடிவிட்டேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

“மேடம், புல்லு கெஸ்டுக்கு. ஸ்டாஃப் சுத்திதான் வரணும்.”

சுற்றி வரணுமாம். இந்த ஊரில் மலையைச் சுற்றி வந்தால் புண்ணியம். புல்லைச் சுற்றி வந்தால் என்ன கிடைக்கும்? எனக்கு முட்டிவலி கிடைத்தது. எத்தனை வருஷம் அந்தக் கல் மேல் நடந்திருக்கிறேன்! வயலில் பிறந்து வளர்ந்தவள் நான். அடி அண்ணாமலையில் எங்கள் கொல்லையில் புல் மேல் விழுந்து புரண்டு எழுந்தவள். என்னைப் போய் ஒரு கைக்குட்டை அகலப் புல் மேல் கால் வைக்காதே என்றால் வயிறு எரியுமா எரியாதா?

அன்றைக்கே முடிவு செய்தேன். சொந்த வீடு கட்டினால் வாசலில் புல்தரை போடுவேன். அதன் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு டீ குடிப்பேன். கிரகப்பிரவேசத்துக்கு இதே மேனேஜரை அழைத்து, “பரவால்ல சார், புல்லு மேலயே நடந்து வாங்க” என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்வேன். (கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்த வசனம். கடைசியில் ‘வாங்க’வை இழுத்துச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தேன்.)

வீடும் கட்டினோம். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்று. என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் பேசுகிற மனுஷர் இல்லை. பேசுவதற்கென்று எங்கள் அம்மா இருக்கிறார். வாசலில் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

“இங்க அவரைப் பந்தல் போட்டா ஊருக்கே காய் குடுக்கலாம்டி.”

“புல்லு போடப்போறேம்மா.”

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயம் அந்த முகத்தில் தெரிந்தது. “புல்லா? ஆயுசு பூரா நான் குனிஞ்சி குனிஞ்சிப் புடுங்கி வரப்புல எறிஞ்ச புல்லா? அதக் கொண்டாந்து நடு வாசல்ல வெக்கப்போறியா?”

சண்டை முற்றி, என் வீட்டுக்காரர் பஞ்சாயத்துக்கு வந்தார். ஆவணியில் கிரகப்பிரவேசம். அன்றைக்கு வாசல் பச்சையாக இருந்தால் இடம் எனக்கு. இல்லையென்றால் மறுநாளே அவரைப் பந்தலுக்குக் கால் நடலாம். அம்மா உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

விதையை ஆன்லைனில் வரவழைத்தேன். பாக்கெட்டில் ‘பெர்முடா’ என்று போட்டு, ஒரு குடும்பமே புல்லில் உட்கார்ந்து எதையோ பார்த்துச் சிரிக்கிற படம். உள்ளே இருந்ததைக் கையில் கொட்டிப் பார்த்த அம்மா, “கசகசாவா? குருமாவுக்கு ஆவும்” என்றார். அதோடு விட்டாரா? “ஆடிப்பட்டம் தேடி விதைன்னுதான் பெரியவங்க சொன்னாங்க. புல்ல விதைன்னா சொன்னாங்க?” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார். பக்கத்து மனைக்காரர், செங்கல் லாரி டிரைவர், மீட்டர் மாட்ட வந்தவர், எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

மண் ஒரு தனிக் கொடுமை. கட்டட வேலை செய்தவர்கள் அந்த இடத்தில் புதைக்காத பொருள் இல்லை. கடப்பாரை போட்ட இடமெல்லாம் ஜல்லி, உடைந்த டைல்ஸ், சிமெண்ட் கோணி, கம்பித் துண்டு, ஒற்றைச் செருப்பு. மேஸ்திரி ஒருத்தரைத்தான் புதைக்காமல் விட்டிருந்தார்கள். அதை நானே செய்துவிடலாமா என்கிற கோபத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, செம்மண் அடித்து, மக்கிய எருவைச் சலித்துப் போட்டு, பலகையை இழுத்துச் சமப்படுத்தினேன். விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும். தூவுவதில் அம்மா கை தேர்ந்த கை. எங்கள் ஊரில் கேழ்வரகு தெளிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் தூவிக் கொடும்மா என்று கேட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“மாட்டேன். நாளைக்கு என் கொல்லையில இருக்கிற பயிரு என்ன மதிக்காது.”

சரி என்று நானே தூவினேன். ஈரக் கோணியைப் போட்டு மூடினேன். நாங்கள் அப்போது இன்னும் வாடகை வீட்டில்தான் இருந்தோம். தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு தரம், வேலை முடிந்து ஒரு தரம் வேங்கிக்காலுக்கு ஓடிப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பேன். முதலில் எறும்பு வந்தது. என் விதையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போல வரிசையாகப் போனது. சாம்பலும் மஞ்சள்தூளும் போட்டு விரட்டினேன். பிறகு மைனா வந்தது. பிறகு மலைப் பக்கத்திலிருந்து குரங்குகள் வந்து, ஈரக் கோணியை உருவிக் காம்பவுண்டு சுவர் மேல் விரித்துப்போட்டு அதில் உட்கார்ந்திருந்தன. ஊரில் எனக்கு மட்டும்தான் உட்காரப் புல் இல்லை, குரங்குக்குக் கோணிகூட இருக்கிறது என்று அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள்.

“இன்னாக்கா, வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்தினே இருக்கீங்க? ஏதாச்சும் பொதைச்சி வெச்சிருக்கீங்களா?”

இவ்வளவுக்கும் மேலே மாடு. வேங்கிக்காலில் மாடுகளுக்கு ஆள் கிடையாது, நேரம் கிடையாது. கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வருகிறவர்களைவிட ஜாஸ்தி மாடுகள் அந்த ரோட்டில் நடக்கும். கேட்டுக்குச் சங்கிலி போட்டேன். சுவர் தாழ்வாக இருந்த இடத்தில் முள் வெட்டிப் போட்டேன். ஒரு கம்பு வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அந்தத் தெரு மாடுகள் என் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தன. மாட்டு விஷயத்தில் நான் ஏமாந்தவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். யாருக்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கோணியைத் தூக்கினால், மண் மேல் பச்சையாக ஒரு ரோமம். உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பெற்ற அன்றுகூட நான் இப்படி வாயைப் பிளந்து பார்க்கவில்லை. அன்றைக்கு வேலைக்கு ஒரு மணி நேரம் லேட். மேனேஜர் முறைத்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிமெண்ட் கல் மேல் அன்றைக்கு மகாராணி மாதிரி நடந்தேன்.

மழையும் ஒத்துழைத்தது. ஆடிக் கடைசியில் சாயங்காலம் சாயங்காலம் இடி இடித்துப் பெய்தது. புல் படர்ந்து, ஒன்றோடொன்று கை கோத்து, மண்ணே தெரியாமல் மூடியது. ஜாக்கெட் துணி வெட்டும் கத்திரியால் உட்கார்ந்து உட்கார்ந்து நுனி வெட்டினேன். அம்மா ஒரு நாள் வந்தார். கேட்டில் நின்றார். குனிந்து ஒரு இழையைக் கிள்ளி, கண்ணருகே வைத்துப் பார்த்து, மோந்தும் பார்த்தார்.

“ஏண்டி, இது அருகம்புல்லு.”

“பெர்முடாம்மா.”

“எவன் எந்தப் பேரு வெச்சா இன்னா? நம்ம கொல்லையில வண்டி வண்டியாக் கெடக்குது. உங்கப்பாரு இத ஒழிக்க முடியாமத்தான் கண்ண மூடினாரு. இதுக்கா இவ்ளோ கூத்து?”

இருக்கலாம். அருகம்புல்லாகவே இருக்கட்டும். நம் வீட்டு வாசலில் நாம் சொன்ன இடத்தில் சொன்ன உயரத்துக்கு நின்றால் அது புல்தரை. அம்மாவுக்கு உள்ளுக்குள் வேறு கவலை. ஆவணி நெருங்கிவிட்டது, இடம் பச்சைப் பசேலென்று இருக்கிறது, அவரைப் பந்தல் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

கிரகப்பிரவேசம் ஒரு திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும், அதன் பின்னால்தான் நாங்கள். இப்போது எல்லாரும் என்னைக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ‘மாடு வரும்னு உனக்குத் தெரியாதா?’

தெரியும்! நான்தான் மாட்டையே சொல்லி வைத்தேன்! பால்காரர் கோவிந்தனிடம், கறக்கிற மாடாக இருக்க வேண்டும், கன்றுக்குட்டி கூட வர வேண்டும், முட்டக் கூடாது, குளிப்பாட்டிக் கொண்டுவர வேண்டும் என்று ஆயிரம் கண்டிஷன் போட்டவள் நான். ஆனால் பூசணிக்காய் சொல்லி வைப்பது மாதிரிதான் பசுவும் சொல்லி வைத்தேன். மாவிலை, வாழைமரம், கலசம், பசு. தெருவில் போவதுதான் மாடு. பூஜைக்கு வருவது பசு. பூசணிக்காய்க்குப் பசிக்குமா என்று யாராவது யோசிப்பார்களா? இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

அன்று காலையில் வாசல் எப்படி இருந்தது தெரியுமா! இரவெல்லாம் தூறி, புல் நுனியெல்லாம் தண்ணீர். ஓரத்தில் மாவிலைத் தோரணத்தையே கயிறாகக் கட்டி, ஒருத்தரும் உள்ளே கால் வைக்காதபடி செய்திருந்தேன். வருகிறவர்களை எல்லாம் சிமெண்ட் பாதை வழியாக அனுப்பினேன்.

“சுத்தி வாங்க பெரியப்பா, சுத்தி வாங்க.” (ஆமாம், நானேதான் சொன்னேன். என் புல்.)

ஏழுக்குக் கோவிந்தன் வந்தார். பசுவுக்கு மஞ்சள் குங்குமம், கழுத்தில் மாலை, கொம்பில் பூச்சரம். பின்னால் கன்றுக்குட்டி. நாதஸ்வரத்துக்குப் பதில் ஸ்பீக்கரில் போட்டிருந்த மேளம் முழங்க, நான் பட்டுப்புடவையில் கையில் விளக்கோடு, என் வீட்டுக்காரர் சாமி படத்தோடு. ஐயர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். பசு கேட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பசு இடது பக்கம் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு அது வேறு எங்கேயும் பார்க்கவில்லை. தோரணத்தை மார்பால் தள்ளிக்கொண்டு நடுப்புல்லில் போய் நின்று தலையைக் குனிந்தது. சரக், சரக் என்று சத்தம். கத்திரியால் நான் ஒரு வாரம் வெட்டுகிற அளவை அது ஒரு வாயில் வெட்டியது. கன்றுக்குட்டி சந்தோஷத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் குதித்தது. நனைந்த மண்ணில் ஒவ்வொரு குளம்பும் ஒரு குழி.

“இழுங்க! புடிச்சி இழுங்க கோவிந்தண்ணே!”

கோவிந்தன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பசு நகர்ந்தது, புல் ஜாஸ்தியாக இருந்த பக்கமாக.

“காலையில இதுக்கு ஒண்ணும் போடலியா நீங்க?”

“எப்படிக்கா போடறது?” என்றார் அவர், ஏதோ நான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. “தின்னுட்டு வந்தா வீட்டுக்குள்ள போயி சாணி போட்டுடும். விசேஷத்துக்கு எப்பவும் வெறும் வயித்துலதான் கூட்டியாறது. நேத்து ராத்திரியே கம்மியாத்தான் போட்டேன்.”

அதாவது, பசியோடு இருக்கிற மாட்டைத் தேர்ந்தெடுத்து, பூ வைத்து, பொட்டு வைத்து, மேளம் அடித்து, நானே என் புல்லுக்குள் அழைத்து வந்திருக்கிறேன்! கம்பு எங்கே என்று தேடினேன். ஐயர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“அம்மா, அபசாரம்! மேயற பசுவைத் தடுக்கறது மகாபாவம். அதுவும் கிரகப்பிரவேசத்தன்னிக்கு. திருப்தியா சாப்பிடட்டும்.”

அவருக்கென்ன, அவர் வீட்டுப் புல்லா? உறவுக்காரர்கள் எல்லாரும் பசுவைச் சுற்றி நின்று கும்பிட ஆரம்பித்தார்கள். ஒரு பெரியம்மா அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாத்தனார் செல்ஃபி எடுத்தாள். “பசு வரும்னு புல்லு வளர்த்து வெச்சிருக்கா பாரு! இந்தக் காலத்துல எந்தப் பொண்ணுக்கு இந்த எண்ணம் வரும்?” என்று யாரோ சொல்ல, கூட்டம் முழுக்க அது பரவிவிட்டது. இல்லை, இது பசுவுக்கு இல்லை, எனக்கு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் என்னைவிடக் கல்நெஞ்சக்காரி அந்த ஊரில் இருக்க முடியுமா? என் அம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு, பவ்யமாகச் சிமெண்ட் பாதையில் நடந்து வந்து, பசுவைப் பார்த்துக் கைகூப்பினார். எத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த வசனம்! பரவால்ல சார், புல்லு மேலயே நடந்து வாங்க. புல் எங்கே? பாதைக்குப் பக்கத்தில் குளம்புக் குழிகளும், நடுவில் ஒரு பசுவும்தான் இருந்தன.

“மேடம், இவ்ளோ நாளா எங்ககிட்ட இருக்கீங்க, இவ்ளோ பக்தின்னு எனக்குத் தெரியாமப்போச்சே. நாங்களும்தான் புல்லு வளர்க்கறோம், எதுக்குப் பிரயோஜனம்?” என்றார்.

அந்த இடத்திலேயே விளக்கைக் கீழே வைத்துவிட்டு மலைப்பக்கம் நடந்துவிடலாமா என்று தோன்றியது. இதற்குள் என் வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். “மல்லிகா, ஏழே காலு ஆச்சி” என்றார். அவர் தானாக வாயைத் திறந்து பேசினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஏழரைக்குள் பசு வாசப்படி தாண்ட வேண்டும். அதற்கு வாழைப்பழம் காட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல் காட்டினார்கள். அகத்திக்கீரைக் கட்டை மூக்குக்கு நேராக நீட்டினார்கள். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் என் புல்லுக்கே தலையைக் குனிந்தது. ருசி தெரிந்த மாடு. அதில் எனக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

“அந்தப் புல்லையே புடுங்கிக் கையில வெச்சிக் காட்டினே உள்ள போ. பின்னாலயே வரும்” என்றார் அம்மா.

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம்தானே? இல்லையாம். வீட்டுக்கு உடையவள் கையால் கொடுத்தால்தான் விசேஷம் என்று ஐயர் அப்போதே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார். விளக்கை நாத்தனாரிடம் கொடுத்தேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினேன். பசு இன்னும் வாய் வைக்காத ஒரு மூலை மிச்சம் இருந்தது. கேட்டு ஓரம், வெயிலும் தண்ணீரும் சரியாகக் கிடைத்து இருப்பதிலேயே அடர்த்தியாக வந்த இடம். டீ குடிக்க நான் குறித்து வைத்த இடம் அதுதான். மண்டியிட்டு அதைப் பிடுங்கினேன். லேசில் வருமா? வேர் அவ்வளவு ஆழம். ஒவ்வொரு பிடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஆடி முழுக்கக் கும்பிட்டு வளர்த்ததை ஆவணியில் நானே வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று பெரியம்மா பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

புல்லை நீட்டினேன். பசு தலையை நிமிர்த்தியது. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன், அது ஒரு அடி முன்னால் வைத்தது. “வலது காலை முன்னாடி வெச்சு வாங்கோ!” என்று ஐயர் கத்தினார். பின்னால் நடக்கிறவளுக்கு எது முன்கால்? யாருக்கும் தெரியவில்லை, ஆளுக்கு ஒரு கால் சொன்னார்கள். வாசப்படியில் குதிகால் தட்டி விழப் பார்த்தேன். பசு பொறுமையாக நின்று, நான் சமாளித்து எழுந்ததும் கூடவே உள்ளே வந்தது. பின்னால் கன்று, அதன் பின்னால் சாமி படம், விளக்கு, மேனேஜர், ஊர். ராகு காலத்துக்கு இன்னும் சில நிமிஷம் மிச்சம் இருந்தது. குலவை போட்டார்கள்.

கோவிந்தன் பயந்ததும் நடந்தது. இப்போதுதான் வயிறு வெறும் வயிறு இல்லையே. புது டைல்ஸ் மேல், நடு ஹாலில், தாராளமாகப் போட்டது. உடனே ஐயர் முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்க்க வேண்டும். “ஆஹா, சாட்சாத் மகாலட்சுமி! எல்லா வீட்லயும் இது அமையாது!” என்றார். எல்லாரும் என்னிடம் வந்து கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். என் கையில் அப்போதும் வேரும் மண்ணும் இருந்தன.

சாப்பாடு முடிந்து, அம்மா வாசலுக்குப் போய்க் காலால் அளக்க ஆரம்பித்தார். “இங்க ஒரு காலு, அங்க ஒரு காலு. பந்தலுக்கு எடம் தோதா இருக்கு.” எனக்கு அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. காலையில் பச்சையாக இருந்தது, ஊரே பார்த்தது, பேச்சு மாறக் கூடாது என்று கத்தினேன். இப்ப பச்சையா இருக்குதா பாரு என்று அம்மாவும் கத்தினார். விருந்தாளிகள் வெற்றிலையை மடித்த கையோடு நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பந்தி இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“பச்சையா இல்லன்னா மாடு எதுக்கு அத்தை தின்னுது?”

அம்மா காலால் அளப்பதை நிறுத்தினார். மாட்டின் சாட்சியை மறுக்க எங்கள் வம்சத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. இடம் எனக்கே என்று ஆனது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் பேசிய பேச்சுகளிலேயே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

புல் செத்தா போகும்? எங்கள் அப்பாவையே ஜெயித்த புல். ஐப்பசி மழையில் குளம்புக் குழியெல்லாம் மூடி, முன்னைவிட அடர்த்தியாக வந்தது. சலித்துப் போட்ட எரு, ராத்திரி பகல் பார்க்காமல் தெளித்த தண்ணீர், ஒடிந்த என் இடுப்பு, இதையெல்லாம் யாராவது சொல்கிறார்களா? ‘பசு கால் பட்ட மண்ணு, சும்மாவா?’ என்கிறார்கள். ஹாலில் அன்றைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். கையில் புல்லோடு, பசுவின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தபடி நான். பக்திப் பாட்டுப் பாடுகிறேன் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் அந்த நிமிஷத்தில் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போது சாயங்காலங்களில் புல்லில் உட்கார்ந்து டீ குடிக்கத்தான் செய்கிறேன். பாதி டம்ளர் வரை. அதற்குள் கேட்டில் யாராவது வந்து நிற்பார்கள். வேங்கிக்காலில் முகூர்த்த நாள் என்றால் ஏதாவது ஒரு புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். “அக்கா, நாளைக்கு எங்க வீட்டு கிரகப்பிரவேசம். உங்க வீட்டுப் புல்லு காட்டினா மாடு தயங்காம உள்ள வரும்னு ஐயர் சொன்னாரு. ஒரு கைப்பிடி குடுங்களேன்.” டம்ளரை வைத்துவிட்டுக் கத்திரியை எடுக்கிறேன். விநாயகர் சதுர்த்தி வந்தால் கேட்கவே வேண்டாம், வரிசையே நிற்கும்.

போன தையில் என் தம்பி போளூரில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தான். போனில் அழைத்தான்.

“அக்கா, நீ முந்தின நாளே வந்துடு.”

“ஏண்டா, கோலம் போடணுமா?”

“அதெல்லாம் ஆளு இருக்குது. சாயங்காலமே மாட்டாண்ட உன்ன ஒருதரம் காட்டி வெச்சிடலாம்னு பாக்கறோம்.”

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீடே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அம்மாவின் சிரிப்பு தனியாகத் தெரிந்தது. போனை வைத்துவிட்டேன். போகவே கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் செய்தேன். அவர் வாசலுக்குப் போய், ஒரு கட்டுப் புல்லை அறுத்து, ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். மடியில் அதை வைத்துக்கொண்டு போளூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பையை எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, புல்லு மாட்டுக்கா?”

“இல்ல,” என்றேன், “எனக்கு.”